படுவான்கரையில் ஸ்போர்ட்ஸ் கார்

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கார் பறக்கும் என்கிறார்களே, எங்கள் கிறவல் றோட்டில் மட்டும் ஏன் தடுமாறும்?
– ஒரு வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: இங்கேயும் பறக்கும், அதுதான் பிரச்சினை! வளைவில் சாயாமலிருக்க ஸ்பிரிங்கை இறுக்கி, வயிற்றைத் தரையிலிருந்து நாலைந்து அங்குலத்தில் வைத்திருக்கிறார்கள். டயரின் பக்கச்சுவரும் குட்டை. கிடங்கில் விழுந்தால் சில்லு இறங்கி ஏற இடமில்லை. துள்ளி றோட்டை விட்டு எழும்பிவிடும். அந்தரத்தில் நிற்கும் சில்லுக்கு பிரேக்காவது ஸ்டியரிங்காவது! கரடுமுரடான பாதைக்கான ரலிக் கார்களுக்கு ஸ்பிரிங்கை இளக்கி, சில்லு ஏறி இறங்க நிறைய இடம் விடுவது இதற்காகத்தான்.

அப்படியும் ஸ்போர்ட்ஸ் காரில் படுவான்கரைக்கு வந்தால், 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததால் மட்டக்களப்பு வாவியைத் தாண்டிவிடுவீர்கள். முன்பென்றால், வாகனங்களை அக்கரை சேர்த்த மிதக்கும் 'பாதை'யில் காரை ஏற்றும்போதே வயிறு தட்டியிருக்கும். பாலத்துக்கு அப்பால், நெல் மூட்டையோடு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று பின்னால் வந்து ஹோர்ன் அடிக்கும். ரோஷப்படாமல் வழிவிடுங்கள்.