வரிசை வீடு வரைந்தவருக்கு வாழ்த்து

ஐயா, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் வீடு கட்டித் தந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் முதல் வாழ்த்து வரிசை வீடு வரைந்த உங்களுக்குத்தான். நான் தேங்காய்ப்பட்டணத்துக்காரன். குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்தில், சுவரும் சுவரும் இடிக்க வாழ்ந்து பழகியவன். நெருக்கம் எனக்குப் புதிதல்ல. ஆனால் இவ்வளவு நெருக்கத்தை இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியும் என்று உங்களிடம்தான் கற்றேன்.

உங்கள் நீதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரசு 300 முதல் 325 சதுர அடி என்றது. நீங்கள் ஆள் பார்க்கவில்லை, முகம் பார்க்கவில்லை. தனியாக இருக்கும் கிழவிக்கும், மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருக்கும் குடும்பத்துக்கும் ஒரே அளவு. வலையை எங்கே விரிப்பது, கருவாட்டை எங்கே காயப்போடுவது என்று கேட்டு யாரையும் தொந்தரவு செய்யவும் இல்லை.

நிலத்தை நீங்கள் துப்புரவாக்கிய அழகு தனி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் பல ஊர்களில், வீடு எழும்புவதற்கு முன்பே தென்னையும் வேம்பும் சாய்ந்தன. நூல் பிடிக்கத் தடையில்லாத தரை கிடைத்தது. இனி யார் தலையிலும் தேங்காய் விழாது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கான்கிரீட் கூரை கொதிக்கும்போது, பெண்கள் பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். சுவரோரம் விழும் இரண்டடி நிழலில் காலை மடக்கி வரிசையாக உட்காருகிறார்கள். வெயில் நகர நகர அவர்களும் பாயோடு நகர்கிறார்கள். அக்கம்பக்கம் கூடிப் பேச இப்படி ஓர் ஏற்பாடு வேறு யாருக்குத் தோன்றும்? பொதுப் பூங்காவையும் நீங்கள் மறக்கவில்லை. வரைபடத்தின் மூலையில் பச்சை அடித்திருக்கிறீர்கள். தண்ணீர் ஊற்றாமலே இத்தனை வருஷமாக வாடாமல் இருக்கிறது.

மறைவு என்பதைப் பற்றி எங்கள் முன்னோர்கள் வீணாகக் கவலைப்பட்டார்கள். காயல்பட்டினத்தில் பெண்கள் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு வீடு போய்வர முடுக்குகள் விட்டார்கள். அந்தச் சந்துக்கெல்லாம் எவ்வளவு இடம் வீண்! நீங்கள் வாசலுக்கு நேரே வாசல், ஜன்னலுக்கு நேரே ஜன்னல் வைத்தீர்கள். எதிர்வீட்டுக் குழம்பில் உப்பு குறைவு என்பது இந்த வீட்டுக்குத் தெரியும். இந்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டை அந்த வீட்டுக்குத் தெரியும். தலைவாசலில் பழைய சேலையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் குமரிப்பெண் துணி மாற்றுகிறாள். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொள்கிறாள். இத்தனை கவனம் அந்தப் பிள்ளைக்கு வேறெங்கே வாய்த்திருக்கும்?

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இவ்வளவு சிக்கனமானவர் அல்ல. 1970-களில் திருவனந்தபுரத்துப் பூந்துறையில் மீனவர்களுக்கு வீடு வரைந்தபோது, வீடுகளை ஒன்றுக்கொன்று விலக்கித் தள்ளி வைத்து நேரத்தைச் செலவழித்தார். பின்வீட்டுக்கும் கடற்காற்று வர வேண்டுமாம். அதனால் முன்னால் மிஞ்சும் துண்டு நிலத்தில் வலை காய வேண்டுமாம், பிள்ளைகள் விளையாட வேண்டுமாம். காற்று உள்ளே வரட்டும், பார்வை உள்ளே வர வேண்டாம் என்று செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிச் சுவர் கட்டினார். இன்னொரு கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியாவும் நவி மும்பை பேலாப்பூரில் ஏழு வீட்டுக்கு ஒரு முற்றம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். குறைந்த இடத்தில் நிறைய வீடு, எல்லோருக்கும் பொதுவாகக் கொஞ்சம் நிழல், ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் மறைவு என்று அவர்கள் தலையை உடைத்துக்கொண்டார்கள். உங்களுக்கு ஓர் அளவுகோல் போதுமாயிருந்தது. பூந்துறை எங்களுக்குப் பக்கம்தான். ஒருநாள் போய்ப் பார்த்திருந்தால் உங்கள் வேலை வீணாகத் தாமதப்பட்டிருக்கும்.

இப்போது அந்த வரிசைகளில் முருங்கையும் வேம்பும் வளர்கின்றன. சாக்கடைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு முழ மண்ணில் அங்குள்ளவர்களே குச்சி ஊன்றி, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. அந்தப் பெருமையும் உங்களையே சேரும். அந்த ஒரு முழத்தையும் நீங்கள் வரைபடத்தில் கவனித்திருந்தால், அங்கேயும் சிமென்ட் பூசியிருப்பீர்கள்.