‘கொஞ்சம் பாத்துக்குங்க’: அலுவலக மடிக்கணினிக் காவல் குறித்து ஓர் ஆய்வு

மடிக்கணினியைக் காக்கும் முறைகள் பற்றி ஆராய்ந்தோர் பலர். அவர்கள் பூட்டைப் பற்றி எழுதினர். கடவுச்சொல்லைப் பற்றி எழுதினர். காப்பீட்டைப் பற்றியும் எழுதினர். தமிழகத்தில் பெருவழக்காக உள்ள முறையைப் பற்றி மட்டும் எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் “சார், கொஞ்சம் பேக்கப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போவதே அம்முறை. இக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் மூலபாடம். இவ்வேண்டுகோளுக்குப் பாடபேதங்கள் உண்டு. கோவை வட்டாரத்தில் “ஏனுங்ணா, இதக் கொஞ்சம் பாத்துக்கறீங்ளா” என்றும், நெல்லைச் சீமையில் “அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்றும், பழைய மகாபலிபுரம் சாலையில் “ப்ரோ, டூ மினிட்ஸ்” என்றும் வழங்கும். கடைசிப் பாடத்தில் வினைச்சொல்லே கிடையாது. எதைப் பார்ப்பது, எதற்குப் பார்ப்பது என்பதெல்லாம் குறிப்பால் உணரத்தக்கவை. சொல்லப்படும் கால அளவு பெரும்பாலும் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்கும் கடிகாரத்துக்கும் தொடர்பில்லை என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

சென்னையிலிருந்து தெற்கே போகும் ஆம்னி பஸ் விக்கிரவாண்டிப் பக்கம் நள்ளிரவில் நிற்கும்போது இம்முறையைத் தூய வடிவில் காணலாம். “பத்து நிமிசம் நிக்கும்” என்று கிளீனர் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டுவார். மென்பொருள் நிறுவனத்து இளைஞர் எழுந்து காவலரைத் தேர்வு செய்வார். கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாவுக்கு முதலிடம். கண்ணாடி போட்ட பெரியவருக்கு அடுத்த இடம். தன்னைப்போலவே தோள்பை மாட்டிய இன்னோர் இளைஞரை ஏறெடுத்தும் பாரார். ஊரையெல்லாம் நம்புகிறவர், தன் இனத்தை மட்டும் நம்புவதில்லை.

பெரியவர் தலையசைத்ததும் ஒப்பந்தம் நிறைவேறிவிடுகிறது. அவருக்கும் இறங்கியாக வேண்டிய அவசரம் இருக்கிறது. ஆனால் இனி அசைய முடியாது. தாங்காத கட்டத்தில் எதிர் இருக்கைக்காரரிடம், “தம்பி, அந்தப் பையனோட பேக்கு, கொஞ்சம் பாத்துக்குங்க” என்பார். இதை உள்குத்தகை எனலாம். உள்குத்தகைக்காரருக்குப் பைக்கு உரியவர் எந்தப் பையன் என்று தெரியாது. யார் வந்து தூக்கினாலும் “ஓ, வந்துட்டீங்களா” என்று புன்னகைத்து ஒப்படைப்பார். திருடருக்கு வேண்டிய ஒரே கருவி, பதிலுக்குப் புன்னகைக்கும் முகம்.

மேலைநாட்டார் ஆளை நம்பாமல் கம்பியை நம்பினர். பல அலுவலகக் கணினிகளின் பக்கவாட்டில் 3 மில்லிமீட்டருக்கு 7 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இருக்கும். காற்றோட்டத்துக்கு விட்டது என்று நினைப்பவர் உண்டு. அது கென்சிங்டன் பூட்டுக்கானது. எஃகுக் கம்பியின் ஒரு நுனியை அதில் பூட்டி, மறுநுனியை மேசைக் காலில் சுற்ற வேண்டும். மேசையைச் சற்றே தூக்கினால் கம்பி கழன்றுவிடும் என்பது இம்முறையின் முதற்குறை. இரண்டாவது குறை 2004-இல் வெளிப்பட்டது. வட்டச் சாவி கொண்ட சைக்கிள் பூட்டுகளைச் சாதாரண பிக் பால்பாயிண்ட் பேனாவின் வெளிக்குழாயால் திறக்கலாம் என்று அமெரிக்காவில் தெரியவந்தது. கணினிக் கம்பிகள் பலவற்றிலும் அன்று இருந்தது அதே வகைப் பூட்டு.

பெரிய பதவியும் காவலாகாது. வளைகுடாப் போர் தொடங்கவிருந்த 1990 டிசம்பரில், பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஒருவரின் காரிலிருந்து போர்த்திட்ட விவரங்கள் அடங்கிய மடிக்கணினி லண்டனில் திருடு போனது. குவால்காம் தலைவர் இர்வின் ஜேக்கப்ஸ் 2000-இல் கலிஃபோர்னியாவில் பத்திரிகையாளர் கூட்டமொன்றில் பேசி முடித்தார். சற்றுத் தள்ளி நின்று ஆட்களோடு உரையாடிக்கொண்டிருந்தபோது மேடையிலிருந்த அவர் கணினி மறைந்தது. அறை நிறையச் செய்தி சேகரிப்போர். அந்தச் செய்தியை மட்டும் ஒருவரும் சேகரிக்கவில்லை. அவர் எவரிடமும் ‘பாத்துக்குங்க’ என்று சொல்லாதது குறிப்பிடத்தக்கது.

இனிப் பைவியல். வேலையில் சேரும் நாளில் நிறுவனம் தன் பெயர் பொறித்த பையொன்றைத் தருகிறது. உள்ளே இருப்பது என்ன, ஏறக்குறைய என்ன விலை பெறும் என்பதை அது தெருவெல்லாம் அறிவித்துக்கொண்டே போகும். இதற்கு மாற்றாக இவ்வாய்வு மஞ்சப்பையைப் பரிந்துரைக்கிறது. 2021-இல் தமிழக அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கிவிட்டது. கல்யாண வீட்டுப் பெயர் அச்சடித்த மஞ்சப்பையைத் திருட நினைப்பவர் இனித்தான் பிறக்க வேண்டும். வீட்டில் யாராவது அதற்குள் தேங்காய் வைத்துவிடும் ஆபத்து மட்டுமே எதிர்வாதமாக முன்வைக்கப்படுகிறது. அது வலுவான எதிர்வாதம்தான்.

இதுவரை கூறியவை பொருளுக்கான காவல். பொருள் போனால் அறுபதாயிரமோ எண்பதாயிரமோ போகும், அவ்வளவுதான். உள்ளிருக்கும் தகவல் போனால் கதையே வேறு. 2006 மே மாதம் அமெரிக்காவில், முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவர் வீட்டில் மடிக்கணினியும் வெளிவட்டும் களவு போயின. அவற்றில் இருந்தவை 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரங்கள். அடுத்த மாதமே இரண்டும் கிடைத்தன. யாரும் திறந்து பார்த்த அடையாளம் இல்லை என்றது எஃப்.பி.ஐ. அப்படியும் 2009-இல் வழக்கை முடிக்க அரசு 2 கோடி டாலர் தர இசைந்தது. அதே 2006-இல் பிரிட்டனின் நேஷன்வைடு வீட்டுக்கடன் சங்க ஊழியர் ஒருவரின் கணினி திருடு போனது. உள்ளே வாடிக்கையாளர் விவரம் இருந்ததே சங்கத்துக்குத் தெரியவில்லை. மூன்று வாரம்வரை விசாரணையே தொடங்கவில்லை. அபராதம் 9,80,000 பவுண்டு. நம் நாட்டிலோ பஸ்ஸில் திருடியவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஏழாண்டு வரை சிறை. தகவலைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருக்கும் உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். பறிகொடுப்பதைவிடத் திருடுவது மலிவு.

‘பாஸ்வேர்டு போட்டிருக்கேன் சார்’ என்பார் பறிகொடுத்தவர். விண்டோஸ் கேட்கும் அந்தக் கடவுச்சொல் விண்டோஸுக்குத்தான் காவல். திருகாணியைக் கழற்றி வட்டை எடுத்து வேறொரு கணினியில் மாட்டினால், யாரும் எந்தச் சொல்லும் கேட்கமாட்டார்கள். வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்திருந்தால்தான் அங்கே தெரிவது வெறும் குப்பை. விண்டோஸ் புரோ போன்ற பதிப்புகளில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். இரண்டும் கணினியோடு வருபவை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மூடியை மட்டும் மூடிவிட்டுக் கிளம்பினால் கணினி தூங்குகிறது. மறையாக்கத்தின் திறவுகோல் நினைவகத்தில் விழித்தே இருக்கிறது. 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூசி ஊதும் காற்றுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து நினைவகச் சில்லுகளை உறையவைத்து, மின்சாரம் போன பின்னும் அத்திறவுகோலை எடுத்துக் காட்டினர். விக்கிரவாண்டித் திருடர் குப்பியோடு வரமாட்டார் என்றாலும், பஸ் ஏறுமுன் ஷட்டவுன் செய்வதில் நட்டமில்லை.

இவ்வாய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு வார இறுதியைப் பற்றியது. வெள்ளி இரவு தொலைந்த கணினி, திங்கள் காலையில்தான் நிறுவனத்துக்குத் தெரிகிறது. சனி, ஞாயிறு இரண்டும் நண்பர்களைக் கேட்பது, பஸ் அலுவலகத்துக்கு போன் போடுவது, குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்வது என்று கழியும். தொலைவிலிருந்து அழிக்கும் கட்டளையோ, கணக்குகளை முடக்கும் நடவடிக்கையோ அதற்குள் நடந்திருந்தால்தான் பயன். தகவல் கசிந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மைய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் இட்ட ஆணை. ஊழியர் வாய் திறக்காததற்குக் காரணம் சோம்பலன்று. சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். எழுபதாயிரத்தைப் பிடிப்பதாக மிரட்டி, இரண்டு நாள் மௌனத்தை விலைக்கு வாங்கும் மேலாளரே திருடரின் உற்ற துணை. பிடித்தத்தைக் கைவிட்டு, இரவு இரண்டு மணிக்கும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணை ஊழியருக்குக் கொடுப்பது எந்தப் பூட்டைவிடவும் பயன் தரும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். பிட்லாக்கர் போடும்போது 48 இலக்க மீட்பு எண் ஒன்று கிடைக்கும். அதை அச்செடுத்து, பத்திரமாக இருக்கட்டுமென்று கணினிப் பையின் முன் ஜிப்பிலேயே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பையைத் திறந்து பாருங்கள். இருந்தால் இன்றே எடுத்து வீட்டு பீரோவில் வையுங்கள்.