கணக்கு வந்தால்தான் கல்யாணம்

நம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கும்போது என்னென்ன விசாரிப்பார்கள்? ஜாதகம், சம்பளம், சொந்த வீடா வாடகையா, குடிப்பழக்கம் உண்டா, உண்டென்றால் 'சோஷியலா' மட்டும்தானா... எல்லாம் கேட்பார்கள். 'தம்பி, பதினேழையும் பதின்மூன்றையும் பெருக்கிக் காட்டுங்க' என்று எந்த மாமனாரும் கேட்டதாகத் தகவல் இல்லை. 1714-இல் ரஷ்யாவில் கேட்டார்கள். கேட்டது மாமனார்கூட இல்லை, அரசாங்கம்!

உத்தரவு இதுதான். பிரபுக்கள் வீட்டுப் பையன்களும் அதிகாரிகள் வீட்டுப் பையன்களும் பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் கணக்கும் கொஞ்சம் வடிவியலும் படித்தாக வேண்டும். வாத்தியார் கைப்பட எழுதிய சான்றிதழ் இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. வாத்தியாருக்கு அரசாங்கச் செலவில் நாளொன்றுக்குப் பத்து கோபெக் கூலி. ஆகவே பையன்களிடம் அவர் காசு கேட்கக் கூடாது. ஆனால் சான்றிதழ் கொடுக்கும்போது மட்டும் ஒரு ரூபிள் வாங்கிக்கொள்ளலாம். இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். மேஜைக்கு அடியில் கை நீட்டுகிற சிரமம் மிச்சம்.

இப்படியொரு யோசனை யாருக்கு வரும்? ஜார் மன்னர் பீட்டருக்குத்தான். பாடப்புத்தகத்தில் 'மகா பீட்டர்'. ரஷ்யாவைத் தூக்கி நிறுத்தியவர், கடற்படை கண்டவர், சதுப்பு நிலத்தில் ஒரு தலைநகரத்தையே எழுப்பியவர். எல்லாம் சரி, அவருக்குக் கணக்கு எப்போது வந்தது?

1688 வாக்கில். கற்றுக்கொடுத்தவர் மாஸ்கோவில் வசித்த ஃபிரான்ஸ் டிம்மர்மான் என்ற டச்சுக்காரர். மாணவரின் நோட்டுகளில் எழுத்துப் பிழைகள் கூடை கூடையாகக் கிடக்கின்றன. போகட்டும், மாணவர்தானே? ஐயோ, வாத்தியார் போட்ட பெருக்கலிலும் தப்பு! மறு வருஷமே மாணவருக்குக் கெட்டிமேளம். சான்றிதழை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய சட்டத்தை மாப்பிள்ளை இன்னும் போட்டிருக்கவில்லை.

ஆனால் ஒன்று. மனிதருக்குத் தொழில் கற்பதில் அப்படியொரு வெறி. 1697-இல் சுமார் 250 பேர் கொண்ட தூதுக்குழுவோடு ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். மன்னராக இல்லை, 'பீட்டர் மிகைலோவ்' என்ற சாதாரண ஆளாக, மாறுவேடத்தில். உயரம்? ஆறடி எட்டு அங்குலம். நெட்டைப் பனைமரத்துக்குத் தொப்பி மாட்டிவிட்டு, 'இது பனைமரமில்லை, யாரும் கண்டுபிடிக்காதீர்கள்' என்று சொன்ன கதைதான்.

ஹாலந்தில் ஸாண்டம் என்ற ஊர் கப்பல் கட்டுவதற்குப் பெயர்போனது. அங்கே ஒரு கொல்லர் வீட்டில் போய்த் தங்கினார். படுக்கை என்பது சுவரில் பதித்த அலமாரி மாதிரி ஒரு பெட்டி. ஆறடி எட்டு அங்குலம் அதற்குள் எப்படி மடங்கியது என்பது அந்தப் பெட்டிக்கே வெளிச்சம். ஒரு நாள் கடைத்தெருவில் பிளம்ஸ் பழம் வாங்கித் தின்றுகொண்டே போனவர், சில பொடியன்களுக்குக் கொடுத்தார், சிலருக்கு இல்லை என்றுவிட்டார். கிடைக்காதவர்கள் கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து அவர்மேல் வீசினார்கள். ஊர்த்தலைவர் பதறிப்போய், 'தங்களை யாரும் அடையாளம் காணக் கூடாது என்று விரும்பும் பெரிய மனிதர்களை யாரும் தொல்லை செய்யாதீர்' என்று ஊரறிய அறிவிப்புப் போட்டார். ரகசியத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி உண்டா?

கூட்டம் தாங்கவில்லை. ஒரே வாரத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு ஓட்டம். அங்கே டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் பட்டறையில் நாலு மாதம் கோடரியும் கையுமாக நிஜமாகவே உழைத்தார். தலைமைத் தச்சர் கெரிட் போல் 'பையன் சுறுசுறுப்பு, வேலை தெரிந்தவன்' என்கிற தோரணையில் சான்றிதழும் கொடுத்தார். ஆனால் சான்றிதழ் வாங்கிய கையோடு மாணவருக்கு ஒரு சந்தேகம். இவர்கள் கப்பலைக் கைப்பழக்கத்தில் கட்டுகிறார்கள், வரைபடம் போட்டுக் கட்டத் தெரியவில்லையே? கோர்ஸை முடித்த பிறகு சிலபஸ் சரியில்லை என்று கண்டுபிடித்த முதல் மாணவர் இவராக இருக்க முடியாது. ஆனால் அதற்காக அடுத்த நாட்டுக்கே போனவர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த நாடு இங்கிலாந்து. டெட்ஃபோர்டு கப்பல் பட்டறைக்குப் பக்கத்தில் ஜான் ஈவ்லின் என்ற எழுத்தாளரின் வீட்டில் ஜாகை. ஈவ்லினுக்குத் தோட்டம் என்றால் உயிர், அதிலும் அவர் பார்த்துப் பார்த்து வளர்த்த ஹாலி வேலி. பகலில் கப்பல் வரைபடம் படித்த மாணவர், மாலையில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அந்த வேலிக்குள்ளேயே தள்ளச் சொல்வாராம். சில மாதங்களில் நாற்காலிகள் விறகு, ஓவியங்கள் கந்தல், கண்ணாடிகள் தூள். சேதத்தை மதிப்பிட வந்தவர் யார் தெரியுமா? செயின்ட் பால் தேவாலயத்தை எழுப்பிய கிறிஸ்டோபர் ரென்! சுமார் 350 பவுண்டுக்குக் கணக்கு நீட்டினார். பணம் கொடுத்தது இங்கிலாந்து கஜானா. படித்தது ரஷ்யா, ஹாஸ்டல் டேமேஜ் கட்டியது இங்கிலாந்து.

தனக்குப் பிடித்ததெல்லாம் ஊருக்கும் பிடிக்கும் என்று நினைப்பதுதான் இப்படிப்பட்டவர்களின் வியாதி. பீட்டர் பல் பிடுங்கவும் கற்றுக்கொண்டு, அகப்பட்டவர்களிடமெல்லாம் பிடுங்கினார். பிடுங்கிய பற்கள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அரண்மனையில் பல்வலி வந்தவர்கள் சிரித்த முகமாகவே நடமாடியிருப்பார்கள்.

தான் ஹாலந்துக்குக் கிளம்பிய அதே 1697-இல் பிரபுக்களையும் கப்பல் தொழில் படிக்க வெளிநாட்டுக்கு விரட்டினார். 'சொந்தச் செலவில் போ. தேறாமல் திரும்பினால் சொத்து பறிமுதல்' என்று நிபந்தனை. அரசு உதவித்தொகை கேள்விப்பட்டிருக்கிறோம், இது அரசு உதைத்தொகை. பேரப்பிள்ளை எடுத்த வயதில், ஐம்பதைத் தாண்டிய பியோத்தர் டால்ஸ்டாய் தானாகவே பெயர் கொடுத்துவிட்டு இத்தாலிக்குக் கப்பலோட்டக் கிளம்பினார். (ஆமாம், எழுத்தாளர் டால்ஸ்டாயின் முப்பாட்டனார் வகையறாதான்.) கடைசியில் அவர் செய்த வேலை? துருக்கி சுல்தானிடம் தூதர். கப்பலோட்டப் படித்துவிட்டுப் பேசிப் பிழைத்தார். இன்ஜினீயரிங் படித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதும் தம்பிகள் மனம் தளர வேண்டாம்.

இவான் கலோவினின் கதை இன்னும் ஜோர். வெனிஸில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவரிடம் 'என்ன கற்றாய்?' என்று மன்னர் கேட்க, 'புகையிலை பிடித்தேன், மது குடித்தேன், வேறொன்றும் தெரியாது பிரபோ' என்றாராம். தலை போகப் போகிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? பீட்டர் விழுந்து விழுந்து சிரித்தாராம். கலோவின் கப்பல் கட்டும் துறைக்கே பெரிய தலையாக உயர்ந்தார். விருந்துகளில் மன்னர் 'இவான் மிகைலோவிச்சின் குழந்தைகளுக்காக' என்று கோப்பையை உயர்த்துவார். குழந்தைகள் என்றால் போர்க்கப்பல்கள்!

உள்ளூரிலும் பாடம் நடந்தது. 1701-இல் மாஸ்கோவில் கணித, கடற்பயணப் பள்ளி. வாத்தியார் ஸ்காட்லாந்திலிருந்து தருவித்த ஃபார்குஹர்சன். ஏழை மாணவர்களுக்கு ஸ்டைபண்ட் உண்டு. மட்டம் போட்டால் முதல் நாள் 5 ரூபிள், மறுநாள் 10, அதற்குமேல் தினம் 15 அபராதம். அந்த முதல் 5 ரூபிளே நம் பத்து கோபெக் வாத்தியாரின் ஐம்பது நாள் கூலி. 1715-இல் பீட்டர்ஸ்பர்க் கடற்படை அகாடமியில் இன்னொரு புதுமை. வகுப்புக்கு ஒரு முன்னாள் ராணுவ வீரர், கையில் சாட்டை. சத்தம் போட்டால் எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று பார்க்காமல் விளாச உத்தரவு. பயோமெட்ரிக் எல்லாம் அப்புறம் வந்த சமாச்சாரம்.

சரி, அந்தக் கல்யாணக் கணக்கு? இரண்டே வருஷத்தில் பிரபுக்கள் மனுப் போட்டுத் தப்பித்தார்கள். உத்தரவு மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பியது. 1720-இல் வியாபாரிகள் மனுவோடு வந்தார்கள். 'பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தால் பையன் தொழிலை மறந்துவிடுவான்' என்றார்கள். தொழில் வளரத்தான் பள்ளிக்கூடமே! ஆனாலும் விடுதலை கிடைத்தது. பாதிரியார்கள் தங்கள் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். இந்தக் கணக்குக்கென்று அரசாங்கம் நாற்பத்திரண்டு பள்ளிகள் வரை திறந்திருந்தது. மனு எழுதித் தர ஆளில்லாத சிப்பாய் வீட்டுப் பிள்ளைகள்தான் மிஞ்சினார்கள். 1744-இல் மிச்சமிருந்த பள்ளிகளைப் படைமுகாம் பள்ளிகளோடு சேர்த்துவிட்டார்கள். மணமேடைக்காகப் போட்ட பந்தலில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்கள், அழைப்பிதழில் முன்வரிசைப் பெயர் இல்லாதவர்கள்.

அப்படியானால் இத்தனை கூத்துக்கும் 'பிளேஸ்மென்ட் ரெக்கார்டு' என்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது. மிகைலோவ் என்ற நெட்டை மாணவர் ஒருவர் படிப்பை முடித்தார், சான்றிதழ் வாங்கினார், படித்த தொழிலிலேயே கப்பல் தச்சராகச் சேர்ந்தார், அதற்கென்று தனியாக அரசாங்கச் சம்பளமும் வாங்கினார்.

முதலாளிதான் கொஞ்சம் தெரிந்தவர்.