முறுவல் துப்பறிவு: நூற்பாவும் விருத்தியுரையும்

கொலை நடக்க வேண்டும்; ரத்தம் தெரியக் கூடாது. படித்துவிட்டு விளக்கை அணைக்கப் பயம் வரக் கூடாது. நடுநடுவே சிரிப்பு வர வேண்டும். ஆங்கிலத்தில் ‘கோஸி மிஸ்ட்ரி’ எனப்படும் இவ்வகை நாவல்கள் கடைகளில் குவிந்து கிடக்க, அவற்றுள் மெய்யாகவே சிரிக்க வைப்பது எது எனக் காசு கொடுப்பதற்கு முன்பே அறிவது எப்படி என்பதே இவ்வாய்வின் சிக்கல்.

முன்னோர் இதற்கு உதவவில்லை. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்னும் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் விதித்தார். பேய் பிசாசு கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, துப்பறிபவரின் தோழருக்குப் புத்தி சராசரி வாசகரைவிட ஒரு மாற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னவர், நகைச்சுவை பற்றி வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வேத நூலாகப் பாவித்து 1911இலேயே போலி ஆய்வுரை வாசித்த குறும்புக்காரர் அவர். இப்போலி ஆய்வுத் துறைக்குக் குலமுதல்வர் என்பதால் மேலும் குறை கூறாது விடுகிறோம்.

அட்டையைக் கண்டு அறியலாம் என்பார் ஒரு சாரார். பூனை, கேக், பின்னல் ஊசி, சிலேடைத் தலைப்பு இவை உள்ளனவா எனப் பார்ப்பது அவர் கொள்கை. அது பொருந்தாது. தலைப்பிலேயே சிலேடையைச் செலவழித்தவர் உள்ளே செலவுக்கு ஒன்றும் வைப்பதில்லை. எனவே யாமே நூற்பா யாத்தோம்:

பிணத்தினும் பெரிதாய்ப் பிறிதொரு கவலை
மனத்தினை அரிப்பின் வாங்குக அந்நூல்.

என்பது என் நுதலிற்றோவெனின், நகை மிகுந்த கொலைக்கதையை இனங்காணும் நெறி உணர்த்துதல் நுதலிற்று. கதைமாந்தருக்குக் கொலை இரண்டாம் கவலையாகவும், அற்பமான வேறொன்று முதற்கவலையாகவும் இருத்தல் வேண்டும் என்க.

காட்டு: எம்.சி. பீட்டன் 1992இல் எழுதிய முதல் அகதா ரெய்சின் நாவல். லண்டனில் மக்கள் தொடர்பு நிறுவனம் நடத்திக் களைத்த அகதா, காட்ஸ்வோல்ட்ஸ் கிராமம் ஒன்றில் குடியேறுகிறாள். ஊரார் மதிக்க வேண்டுமே என்று ‘கீஷ்’ என்னும் முட்டைப் பணியாரப் போட்டியில் சேர்கிறாள். சமைக்கத் தெரியாது. லண்டன் கடையில் வாங்கி வந்து, தன் கைப்பாகம் என்று வைக்கிறாள். அதைத் தின்ற நடுவர் விஷம் ஏறிச் செத்துப்போகிறார். கொலைப்பழியிலிருந்து தப்ப அவளிடம் உள்ள ஒரே வழி, அது கடைச்சரக்கு என ஒப்புக்கொள்வது. இரண்டில் எது பெரிய அவமானம் என அவள் தடுமாறும் இடமே நூற்பாவின் உயிர்நிலை. கல்யாண வீட்டுக்குக் கடைமுறுக்கைக் கொண்டுபோய் வீட்டுமுறுக்கு என்று சொன்ன எவருக்கும் இவ்விடம் உரையின்றியே விளங்கும்.

அகதா கிறிஸ்டியும் இந்நெறி அறிந்தவரே. 1930இல் வந்த முதல் மிஸ் மார்ப்பிள் நாவலில், பாதிரியார் வீட்டுப் படிப்பறையில் ஒரு கர்னல் பிணமாகக் கிடக்கிறார். ஆனால் அவ்வீட்டில் தீராத துயரம் சமையற்காரியின் சாப்பாடு. கர்னலைக் கொல்பவர் உலகுக்கு உபகாரம் செய்தவராவார் என்று சாப்பாட்டு மேசையில் முதலில் சொன்னவரே அந்தப் பாதிரியார்தான்.

ரிச்சர்ட் ஆஸ்மானின் 2020 நாவலில் முதியோர் குடியிருப்பைச் சேர்ந்த நால்வர் பழைய கொலை வழக்குகளை ஆராய்கிறார்கள். வியாழக்கிழமைதோறும் கூடுவது ஏன்? அன்றுதான் பொது அறை இரண்டு மணி நேரம் காலி. யாரும் எட்டிப் பார்க்காதிருக்க, ஜப்பானிய ஓபரா பற்றிய கலந்துரையாடல் என்று பதிவு செய்துவிடுகிறார்கள். இங்கும் கொலையினும் அறையே முதற்கவலை.

பிணமே இல்லாத கதைக்கு இந்நூற்பா செல்லுமோவெனின், செல்லும். பிணம் என்றது உபலக்கணம். காணாமற்போன கணவரும் அடங்குவர். அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் 1998இல் படைத்த போட்ஸ்வானா நாட்டு ரமோட்ஸ்வே அம்மையார், அப்படிப்பட்ட கணவர் ஒருவரை முதலையின் வயிறுவரை தேடிப் போகிறார். அவரது துப்பறியும் நிலையத்தின் சொத்துக் கணக்கில் தேநீர்க் கெண்டி ஒன்று, குவளை மூன்று: அவருக்கு, செயலாளருக்கு, கட்சிக்காரருக்கு. இப்படி எண்ணிவைக்கும் நாவலை நம்பி வாங்கலாம்.

இனி ஒழிபு. 1940களில் ஆனந்த விகடனில் தேவன் உலவவிட்ட துப்பறியும் சாம்பு இந்நூற்பாவுக்குள் அடங்கவில்லை. தடுக்கி விழுந்த இடத்தில் குற்றவாளி அகப்படுகிறான். தான் துப்பறிந்தது சாம்புவுக்கே தெரியாது. முதற்கவலையே தெளிவாகத் தோன்றாத தலையில் இரண்டாம் கவலையை எங்கே தேடுவது? நூற்பாவை வளைப்பதைவிட, சாம்புவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது எளிது.

செயல்முறை: கடையில் நின்றபடியே முதற்பிணம் விழும் பக்கத்தைக் கண்டுபிடித்து, அதற்கடுத்த இரண்டு பக்கங்களைப் படிக்கவும். கம்பளத்தை யார் அலசுவது என்று எவராவது கேட்டிருந்தால் உடனே விலை கேட்கவும். கடைக்காரர் முறைத்தால், ஆய்வு நடக்கிறது என்று சொல்லவும்.