பேரிங் புதுசு, சத்தமும் புதுசு

ரிப்பேருக்கு முன்னால் காரில் வரும் சத்தம் இலவசம். ரிப்பேருக்குப் பின்னால் வரும் சத்தத்துக்கு நம் கையில் பில் இருக்கிறது. இரண்டாவது சத்தம் காதில் அதிகமாக விழுவதற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி.

என் கார் சின்னது, வயதானது. கம்பெனிப் பெயரைச் சொல்லி அதன் மானத்தை வாங்க விரும்பவில்லை. நாற்பதைத் தாண்டினால் காலுக்கு அடியிலிருந்து 'ஊம்ம்ம்' என்று ஒரு முனகல் கிளம்பும். அறுபதில் சுருதி ஏறும். நியூட்ரலில் போட்டு உருளவிட்டாலும் நிற்காது. ஆகவே என்ஜின் நிரபராதி. முன் சக்கர பேரிங் போய்விட்டது என்று கோயம்புத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இங்கே பாதி வீட்டில் லேத் ஓட்டுகிறவர் இருக்கிறார். மீதி வீட்டில் அவருக்கு யோசனை சொல்கிறவர் இருக்கிறார்.

இரண்டு பக்கமும் மாற்றக் கொடுத்தேன். பட்டறையின் பெயர் வேண்டாம். அதன் முதலாளி தங்கமான மனிதர். போனதும் டீ வரும். எதைக் கேட்டாலும் "பண்ணிக்கலாங்ணா" என்பார். அவரிடம் இல்லாத கருவி ஒன்றே ஒன்றுதான். ஹைட்ராலிக் பிரஸ். அந்தக் குறையைச் சுத்தியலைக் கொண்டு நிறைவு செய்துவந்தார்.

இந்த வேலை வெளியிலிருந்து பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரியும். உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்பு வளையம். பழசை எடுத்துப் புதுசைப் போட வேண்டும், அவ்வளவுதானே? ஆனால் அந்த வளையத்தை அடைவதற்குள் சக்கரம், காலிப்பர், பிரேக் பேடு, டிஸ்க், ஸ்டியரிங் ராடின் முனை, லோயர் ஆர்ம் என்று எல்லாரையும் எழுப்பி உட்காரவைக்க வேண்டும். பிறகு பேரிங்கைத் தாங்கியிருக்கும் நக்கிளைக் கையோடு எடுத்து, ஹப்பைப் பிரித்து, சர்க்லிப்பைக் கழற்றி, இறுகிக் கிடக்கும் பழைய பேரிங்கை வெளியே தள்ள வேண்டும். இத்தனை பேரையும் எழுப்பிவிட்டு மறுபடி படுக்கவைக்கும்போது யாராவது ஒருவர் கோணலாகப் படுத்தாலும் சத்தம் வரும். ஏபிஎஸ் உள்ள கார் என்றால் இன்னொரு வசதியும் உண்டு. பல கார்களில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டுவிட்டால் டேஷ்போர்டில் விளக்கெரியும். என் காரில் ஏபிஎஸ் கிடையாது. தப்பு நடக்க ஒரு வாய்ப்புக் குறைந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

சாயங்காலம் வண்டியை எடுத்தேன். பழைய முனகலைக் காணோம். அந்த இடத்தில் 'கறகற'வென்று புதிதாக ஒன்று குடிவந்திருந்தது. தெரு முனையிலேயே திரும்பிப் போனேன்.

"என்ன சத்தம்ங்ணா?"

"கறகறங்குதுங்க."

"கறகறங்குதுங்களா, கொறகொறங்குதுங்களா?"

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டும் கலந்தாற்போல என்றேன்.

"அது ஒண்ணுமில்லீங்ணா. புது பேரிங் இல்லீங்களா? ஒரு ஐநூறு கிலோமீட்டர் ஓடுச்சுன்னா செட் ஆயிரும்."

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதைவிட ஆறுதலான வாக்கியம் கிடையாது. புது பிரேக் பேடுக்கு இது ஓரளவு உண்மையும்கூட. டிஸ்க்கோடு உரசி உரசிப் படிய அதற்குக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். பேரிங்குக்கு அப்படிப் படியும் பழக்கம் கிடையாது. தொழிற்சாலையிலேயே கிரீஸ் அடைத்து, சீல் வைத்து, மினுமினுவென்று இழைத்துத்தான் அனுப்புகிறார்கள். பிறந்த அன்றே கத்துகிற பேரிங் வளர வளர அதிகமாகத்தான் கத்தும்.

நான் விடவில்லை. அவரும் பெருந்தன்மையாக டெஸ்ட் டிரைவுக்கு வந்தார். ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். கண்ணாடியை ஏற்றினார். ஏசியை நாலில் வைத்தார். பாட்டைப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பி, "இப்ப கேக்குதுங்களாண்ணா?" என்றார்.

கேட்கவில்லை.

அடுத்து ஊரார் வைத்தியம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மச்சான், போனில் சத்தத்தைக் கேட்டுவிட்டு "கியர் பாக்ஸ், மாமா" என்றான். அலைன்மென்ட் கடைக்காரர் அலைன்மென்ட் என்றார். நக்கிளைக் கழற்றி மாட்டியதால் அலைன்மென்ட் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது தப்பினால் டயரைத் தின்னுமே தவிர கறகறக்காது. டயர் கடைக்காரர் டயர் என்றார். அவரையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. மேடு பள்ளமாகத் தேய்ந்த டயர், பேரிங் குரலில் அச்சு அசலாக மிமிக்ரி செய்யும். முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: சத்தமும் கூடவே பின்னால் போனால் டயர், முன்னாலேயே உட்கார்ந்திருந்தால் பேரிங். செலவில்லாத சோதனை. டயர் கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. நான்கு புது டயருக்கு விலை சொன்னார். மாமனார் ஒரே வார்த்தையில் முடித்தார்: "வித்துருங்க மாப்பிள்ளை." நான் அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து அவர் இதையேதான் சொல்லிவருகிறார்.

உருப்படியாக ஒரு துப்புக் கொடுத்தது என் மனைவிதான். "ஏனுங்க, இது ஒரு சத்தமில்லைங்க, ரெண்டு சத்தம். என்ற பக்கம் வரது வேற, உங்க பக்கம் வரது வேற" என்றாள். நான் அதுவரை இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போனேன். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுற்றும் கூடத்தில், எந்தக் கதிருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நடந்துகொண்டே சொல்லக்கூடிய ஆசாமி. மில்கள் பல மூடிவிட்டன. அந்தக் காதுகள் மட்டும் ஊரில் இன்னும் சும்மா இருக்கின்றன. பேரிங்கும் பஞ்சாலையும் ஒன்றுக்கொன்று சம்பந்திகள் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் ஒரு பஞ்சாலை களிமண் தரையில் நின்றது. தரை நகர நகர நீண்ட ஷாஃப்டுகள் கோணிக்கொண்டு பேரிங்குகளைத் தின்றன. அங்கே பராமரிப்பு இன்ஜினியராக இருந்த ஸ்வென் விங்க்விஸ்ட் வெறுத்துப்போய், கோணலைத் தானே சமாளித்துக்கொள்ளும் பேரிங்கை உருவாக்கி, 1907இல் எஸ்கேஎஃப் கம்பெனியைத் தொடங்கினார். ஆகவே பேரிங் விஷயத்தில் டயர் கடைக்காரரைவிட மில் ஃபிட்டருக்கு உரிமை அதிகம்.

பெரியவர் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து ஏறினார். "பாட்டு, ஏசி எல்லாம் நிறுத்திப்போட்டு இருபதுல போ கண்ணு" என்றார்.

எல்லாரும் வேகமாக ஓட்டிச் சத்தம் கேட்கிறார்கள். அவர் மெதுவாக ஓட்டச் சொன்னார். காரணம் பள்ளிக்கூடக் கணக்குதான். சின்னக் காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் போகும். 20 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஐந்தரை மீட்டர். அதாவது விநாடிக்கு மூன்று சுற்று. வாய்விட்டு எண்ணலாம். அறுபதில் அதுவே ஒன்பதாகி, எல்லாம் கூழாகிவிடும். மெதுவாகப் போனபோது இடது பக்கச் சத்தம் தன் சுயரூபத்தைக் காட்டியது: ஸ்ரக், ஸ்ரக், ஸ்ரக். விநாடிக்கு மூன்று. சுற்றுக்கு ஒரு தடவை எதுவோ எதையோ தொடுகிறது. பிரேக்கை லேசாக மிதிக்கச் சொன்னார். சத்தம் மாறவில்லை. "பேடு இல்லை." ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ஒரு வட்டம் போடச் சொன்னார். டக் டக் என்று வரவில்லை. "சி.வி. ஜாயின்ட்டும் இல்லை."

வலது பக்கத்துக்கு வேகம் வேண்டும் என்றார். விடிகாலையில் அவினாசி ரோட்டு ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் ஏறினோம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர், நடுவில் சிக்னல் கிடையாது. ஓரச் சுவர் நம் சத்தத்தை நமக்கே திருப்பித் தரும். காலி நேரத்தில் காரை லேசாக இடதுபக்கம் வளைத்தால் கொறகொறப்பு கூடியது; வலதுபக்கம் வளைத்தால் அடங்கியது. இடதுபக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் போய் உட்காரும். தம்பி வாங்கிய கடனுக்கு அண்ணன் வட்டி கட்டுகிற கதை. ஆகவே இடம் திரும்பும்போது கத்துவது வலது பேரிங்.

வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டோம். முதலில் இடது பக்கம். சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க்குக்குப் பின்னால் மண் தெறிக்காமல் காக்கும் தகரம் தெரிந்தது. அதன் ஓரத்தில் பளபளவென்று ஒரு கோடு. சுத்தியல் வேலையில் டிஸ்க் பக்கமாக வளைந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் டிஸ்க்கை உரசியிருக்கிறது. பெரியவர் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஒரு நெம்பு நெம்பினார். ஸ்ரக் ஒழிந்தது. பேரிங் மாற்றிய கையோடு வருகிற உரசல் சத்தத்தில் இந்தத் தகரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சில சமயம் தகரத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு பொடிக்கல் மாட்டியிருக்கும். வண்டியைப் பின்னால் எடுத்தாலே விழுந்துவிடும்.

வலது பக்கம் அப்படிச் சுலபத்தில் விடவில்லை. தகரம் ஒழுங்காகத்தான் இருந்தது. பெரியவர் ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்தார். "தொட்டுப் பாரு கண்ணு." உள்ளங்கையில் பொடிப்பொடியாக ஒரு நடுக்கம் ஏறியது. இடது ஸ்பிரிங்கில் அது இல்லை. ஸ்க்ரூடிரைவர் முனையை நக்கிளில் ஊன்றிக் கைப்பிடியை என் காதில் வைத்தார். உள்ளே ஜல்லி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

நக்கிளைக் கழற்றி கணபதிப் பகுதியில் ஒரு லேத் கடைக்குக் கொண்டுபோனோம். பிரஸ் இருந்த கடை. ஹப்பைப் பிரித்ததும் பேரிங்கின் உள்வளையம் ஒன்று ஹப்போடு வந்துவிட்டது. குண்டுகள் வெளியே தெரிந்தன. பெரியவர் வெளிவளையத்தைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். ஓடுபாதையில் சம இடைவெளியில் புள்ளிகள். ஒவ்வொரு குண்டும் தான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பள்ளம் போட்டிருந்தது.

மில்லில் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுப்பார்களாம்: குழிக்குள் இறக்கும்போது வெளிவளையத்தைத் தள்ளு, ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தைத் தள்ளு. மாற்றித் தள்ளினால் மொத்த அடியும் குண்டுகள் வழியாகத்தான் போகும். பிரினெல் என்ற ஸ்வீடன்காரர் 1900இல் உலோகத்தின் கடினத்தை அளக்க ஒரு முறை சொன்னார். 10 மில்லிமீட்டர் குண்டை உலோகத்தின் மேல் அழுத்தி, விழுகிற பள்ளத்தை அளப்பது. பேரிங்கில் விழும் இந்தப் பள்ளங்களுக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் ஆய்வுக்கூடத்தில் செய்ததை எங்கள் மெக்கானிக் என் காரில், என் செலவில் செய்து பார்த்திருக்கிறார்.

பேரிங்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். டீ வந்தது. முதலாளி புள்ளிகளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"டூப்ளிகேட் பேரிங்ணா."

"நீங்கதான வாங்கிப் போட்டீங்க?"

அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடது பக்கமும் அதே கடைச் சரக்குத்தானே, அது எப்படிச் சும்மா இருக்கிறது என்று கேட்டேன். அதற்கு மட்டும் நேர்மையான பதில் வந்தது.

"லெஃப்ட்ல பையன் அடிச்சானுங்ணா. ரைட் டிரைவர் சைடு, முக்கியமில்லீங்களா? அதனால நானே அடிச்சேன்."

என்மேல் வைத்திருந்த மரியாதைதான் வலது பேரிங்கைக் கொன்றிருக்கிறது. பையன் சோம்பேறி, இடது பேரிங் பிழைத்தது. அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்கிறார் பெரியவர். அதில் ஒரு காதை வைத்துக்கொண்டேதான் ஓட்டுகிறேன்.

லேத் கடைக்காரர் புது பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்து, பழைய பேரிங்கின் வெளிவளையத்தையே மேலே தாங்கலாகக் கொடுத்து இறக்கினார். ஒரு அடிகூட அடிக்கவில்லை. வெண்ணெயில் இறங்கியது என்று எழுத ஆசைதான். அதுவும் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் இறங்கியது. ஆக்ஸில் நட்டு புதுசு. அதை டார்க் ரென்ச் வைத்து, கார்ப் புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு முறுக்கினோம். இப்போது கார் அமைதியாக ஓடுகிறது. மாமனார் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, நல்ல கண்டிஷனில் இருக்கும்போதே விற்றுவிடுங்கள் என்றார்.

முன் சக்கர பேரிங் மாற்றக் கொடுக்கப்போகிறவர்களே, டீயைக் குடிப்பதற்கு முன்னால் பட்டறையில் பிரஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நக்கிளை லேத் கடைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வண்டி கைக்கு வந்ததும் இருபதில் ஓட்டிச் சத்தத்தை எண்ணுங்கள். உரசினால் முதலில் தகரத்தைப் பாருங்கள். கொறகொறத்தால் ஐநூறு கிலோமீட்டர் வரை காத்திருக்காதீர்கள். பிரஸ் கூலி ஒரு பேரிங் விலையைவிடக் குறைவு.