வெளி இணைப்பில் பெரியப்பா: ஒரு முன்னாய்வு

தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது, ஜோடி கிடைக்காத வரிசையையும் தள்ளிவிடாமல் வைத்துக்கொள்வது வெளி இணைப்பு. புழக்கத்தில் அவுட்டர் ஜாயின். விஷயம் இவ்வளவுதான். ஆயினும் ஆய்வேடு என்றால் எடை வேண்டும் என்பதால் வகைப்பாட்டுக்குள் புகுவோம்.

வெளி இணைப்பு இடம், வலம், முழுமை என மூவகைப்படும். வலம் என்பது அட்டவணைகளை இடம் மாற்றி எழுதச் சோம்பல்பட்டவரின் இடம். முழுமை மைஎஸ்கியூஎல்லில் இல்லை. எஸ்கியூலைட்டுக்கு 2022இல்தான் வாய்த்தது.

‘லெஃப்ட் அவுட்டர் ஜாயின்’ என்பதில் ‘அவுட்டர்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை ஒன்றே. பெயருக்கு முன் ‘முனைவர்’ போடுவது போல என்பர் ஒரு சாரார். மறு சாரார் முனைவர்கள். அவர்கள் மறுப்பு தனித்தொகுதியாக வரும்.

இனி ஆய்வுக்களம், கல்யாண வீடு. இட அட்டவணை பத்திரிகை வைத்தவர் பட்டியல். வல அட்டவணை மொய் நோட்டு. இட இணைப்புப் போட்டால் அழைத்த அனைவரும் வந்து நிற்பர். மொய்க்கணக்கில் இல்லாதவருக்கு நேரே ‘நல்’ எனும் வெறுமை விழும். பெரியப்பாவுக்கு நேரே ‘நல்’ விழுந்திருக்கிறது. இதன் பொருள் யாது?

கல்யாணத்துக்கே வரவில்லை என்பது முதல் உரை. வந்தார், முதல் பந்தியில் உட்கார்ந்தார், வைக்கவில்லை என்பது இரண்டாம் உரை (வலுச்சேர்க்கக் காண்க: வீடியோ, பாயசம் பரிமாறும் பகுதி). வைத்தார், ஆனால் பெரியம்மா பெயரில் எழுதச் சொன்னார் என்பது மூன்றாம் உரை. எழுதுபவர் கைகழுவ எழுந்துபோன நேரத்தில் கொடுத்தார் என்பது நான்காம் உரை (காண்க: மூன்றாம் உரை, மறுக்கக் காண்க: இரண்டாம் உரை, இரண்டையும் மறுக்கக் காண்க: இக்கட்டுரையாசிரியர் இனி எழுதவிருக்கும் கட்டுரை. பதவி உயர்வுக்கு இதுவும் ஒரு மேற்கோளாகக் கணக்கில் வரும்). பெரியப்பாவையே கேட்டுவிடலாமே என்று ஒரு மாணவர் சொன்னார். அவருக்கு நெறியாளரை மாற்றிவிட்டார்கள்.

அறிஞர் உலகும் இங்கேதான் முட்டிக்கொண்டது. உறவுநிலைத் தரவுமாதிரியை 1970இல் தந்த எட்கர் காட், 1979இல் எழுதிய கட்டுரையில் ‘நல்’லையும் வெளி இணைப்பையும் எடுத்துரைத்தார். 1990இல் வந்த நூலில் அந்த வெறுமையையும் இரண்டாகப் பிளந்தார்: மதிப்பு இருக்க வேண்டும், ஆனால் தெரியவில்லை என்பது ஒன்று, மதிப்பே பொருந்தாது என்பது மற்றொன்று. நான்காம் உரை முதல் வெறுமையில் அடங்கும். முதல் உரை இரண்டாவதில். இதனால் உண்மை, பொய் என்றிருந்த தர்க்கம் நான்கு மதிப்புகளுக்கு வீங்கியது. காட்டுடன் சேர்ந்து ஆலோசனை நிறுவனம் நடத்திய சி. ஜே. டேட்டோ ‘நல்’லே வேண்டாம் என்றார். டேட்டின் வழி போனால் மொய் வைக்காதவர்க்குத் தனி நோட்டுப் போட வேண்டும். எந்தக் கல்யாண வீட்டிலும் அதற்குத் துணிவு கிடையாது.

இவர்கள் வாதிடும் வேளையில் மாப்பிள்ளையின் தம்பி, 500 ரூபாய்க்குக் குறைவாக வைத்தவர் யார் என்று பார்க்க, வினவலின் ‘வேர்’ பகுதியில் ஒரு நிபந்தனை சேர்க்கிறார். ‘நல்’ 500ஐவிடக் குறைவா? ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. ‘தெரியாது’ என்று வரும். ‘வேர்’ உண்மையை மட்டுமே உள்ளே விடும். முதலில் சந்தேகப்பட வேண்டிய பெரியப்பா பட்டியலிலிருந்தே நழுவிவிடுவார். இட இணைப்பு சத்தமில்லாமல், ஜோடி கிடைத்ததை மட்டும் வைக்கும் உள் இணைப்பாகிவிடும். நிபந்தனையை, ஜோடி சேர்க்கும் விதி எழுதும் ‘ஆன்’ பகுதிக்கு மாற்றினால் பெரியப்பா திரும்புவார். கூடவே 5000 வைத்த தாய்மாமனும் ஜோடி கிடைக்காமல் ‘நல்’லோடு பக்கத்தில் வந்து நிற்பார். அந்தப் பட்டியல் தாய்மாமன் கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ‘வேர்’ பகுதியிலேயே “500க்குக் குறைவு, அல்லது தொகை நல்” என்று எழுதினால் தகராறு இல்லை.

எண்ணிக்கை முறை பற்றி ஒரு குறிப்பு. ஆளுக்கு எத்தனை மொய் என்று தொகுக்கும்போது ‘கவுண்ட்’டுக்குள் நட்சத்திரக் குறி போட்டால், வைக்காத பெரியப்பாவுக்கும் ஒன்று என்றே வரும், தொகைப் பத்தியின் பெயரைப் போட்டால்தான் சுழியம் வரும். பெரியம்மா நட்சத்திர முறையை ஆதரிக்கிறார்.