கிட்டிக்காரரும் காலாட்படையும்

1962இல் சீனப்படை இமயமலையைத் தாண்டியதன் பலன் 1963இல் எங்கள் கல்லூரி மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. கல்லூரியில் படிக்கும் ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் என்.சி.சி.யில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று உத்தரவு. கண்ணாடியைக் கழற்றினால் கரும்பலகையே தெரியாதவன், மழைச்சாரல் பட்டால் மூன்று நாள் படுப்பவன், அம்மா கையால் தவிர வேறெங்கும் சாப்பிடாதவன், அத்தனை பேருக்கும் காக்கி உடுப்பு. தேசம் எவ்வளவு பயந்துபோயிருந்தது என்பது எங்களைப் பார்த்தாலே தெரியும்.

1965 ஜனவரியில் இந்தியை எதிர்த்து ஊர்வலம் போன அதே கால்கள், சனிக்கிழமையானால் ‘தாயே முட்’ என்றதும் வலப்பக்கம் திரும்பின. மூன்று வருஷம் கழித்து இந்த இந்திக் கட்டளைகள் வேண்டாமென்று சட்டமன்றம் தீர்மானமே போட்டது. ஆனால் பரேட் முடிந்ததும் வந்த பூரிக்கிழங்கைப் பற்றி எந்தக் கட்சிக்கும் மாற்றுக் கருத்து இருந்ததாகத் தெரியவில்லை.

மார்கழி மாதம் தஞ்சாவூருக்கு வடக்கே, வெண்ணாற்றுப் பக்கம் முகாம். எங்கள் ஹவில்தார் வட ஆற்காட்டுக்காரர். வீட்டுக்கொரு பட்டாளத்தான் இருக்கும் சீமை. கண்ணைத் திறந்தால் பாறை, திரும்பினால் குன்று. “எதிரி சுட்டா உடனே மறைவு தேடணும். பாறை, மேடு, பள்ளத்தாக்கு!” என்று பாடம் நடத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் சம்பாப் பயிர். உயரமாக இருந்தவை தென்னை மரமும், கொடிக்கம்பமும், அவரும்தான்.

வரைபடப் பாடம் இன்னும் மோசம். நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, தூரத்தில் தெரியும் இரண்டு அடையாளங்களைத் திசைகாட்டியால் குறிபார்த்து, படத்தில் கோடு இழுக்கவேண்டும். கோடுகள் வெட்டும் இடம்தான் நாம். முதல் அடையாளத்துக்குக் கவலையில்லை. 1010இல் ராஜராஜன் கட்டிமுடித்த பெரிய கோயில் விமானம், 216 அடி, எந்த மக்குக்கும் தெரியும். “ரெண்டாவதுக்கு ஒரு கோபுரத்தைப் பிடிங்கடா” என்றார். தோப்புகளுக்கு மேலே ஏழெட்டு முளைத்திருந்தன. ஒருவன் கண்டியூர் என்றான். இன்னொருவன் திருவையாறு என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தான். கடைசியில் வாக்கெடுப்பு நடத்திக் கோடு போட்டோம். கணக்குப்படி நாங்கள் வெண்ணாற்றின் நடு நீரோட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

பீரங்கிப்படையில் சேரவேண்டும் என்பது என் ரகசிய ஆசை. ஒரு மாலை விடுப்பில் கீழ அலங்கத்துப் பீரங்கி மேட்டுக்குப் போனேன். ரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கி, சுமார் 26 அடி நீளம், வார்க்காமல் இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தது. ஒரே ஒருமுறைதான் வெடித்தது என்பார்கள். இருபது டன்னுக்கு மேல் கனம். முந்நூறு ஆண்டுக்கு மேலாக யார் அழைத்தும் இடத்தைவிட்டு அசையவில்லை. சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் சாய்ந்த எங்கள் பெரியப்பாவைப் பார்த்த மாதிரி இருந்தது.

முகாமின் உச்சக்கட்டம் இரவுத் தாக்குதல். எதிரி, இன்னொரு கல்லூரிப் பையன்கள், தூரத்துக் களத்துமேட்டில் இருந்தார்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு கிளம்பினோம். “பரவிப் போங்கடா!” என்று ஹவில்தார் கிசுகிசுத்தார். ஒருவனும் வரப்பைவிட்டு இறங்கவில்லை.

“பால் பிடிக்கிற பயிர் சார். மிதிக்கலாமா?”

“யுத்தம்டா இது!”

“யுத்தம் நாளைக்கு முடிஞ்சிடும் சார். கதிர் பதராயிடுமே?”

பாதிப்பேர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். சீனன் சுட்டிருந்தாலும் வரப்பிலேயே வரிசையாக விழுந்திருப்பார்கள். மீதிப்பேருக்குச் சேற்றுப் பயம். ஒற்றை வரிசையில், கல்யாணப் பந்திக்குப் போகிறவர்கள்போல நகர்ந்தோம். மடை பார்க்க வந்த பெரியவர் ஒருவர் லாந்தரை உயர்த்தினார்.

“யாரது? வடக்குத் தெரு வாத்தியார் பேரனா? மூஞ்சியில என்னடா தம்பி கரி? தாத்தாவுக்கு இருமல் தேவலையா?”

எதிரிப்படைக்கும் கேட்டது. களத்துமேட்டிலிருந்து ஒருவன், “இப்பத் தேவலையாம் மாமா!” என்று பதில் கொடுத்தான். அவனும் வடக்குத் தெருதான்.

ஹவில்தார் எல்லோரையும் குப்புறப் படுத்துத் தவழச் சொன்னார். முன்னால் தவழ்ந்தவன் திடீரென்று போட்ட அலறலில் கொக்குகள் கலைந்தன. கண்ணிவெடியோ என்று ஹவில்தாரே ஒரு கணம் வெலவெலத்துப்போனார். எலிக்கிட்டி! மூங்கிலை வில்லாக வளைத்து, சாயங்காலமே வரப்போரம் வரிசையாக ஊன்றிவிடுவார்கள். எலி இரையைத் தொட்டதும் வில் விடுபட்டு அடிக்கும். தொட்டது இவன் விரல். அதை விடுவிக்க, நூறு கிட்டிகளுக்கு நடுவே டார்ச் அடித்துக்கொண்டு எதிரிப்படையும் வந்து உதவியது. வெற்றி யாருக்கு என்று கடைசிவரை அறிவிக்கவில்லை.

விடியற்காலையில் கிட்டிக்காரர் முகாமுக்கே வந்துவிட்டார், ஒடிந்த வில்லோடு. ஹவில்தார் விறைப்பாக, “எவ்வளவு நஷ்டம், சொல்லுங்க” என்றார்.

கிட்டிக்காரர் விரலில் கட்டுப்போட்டிருந்தவனை மேலும் கீழும் பார்த்தார்.

“எலின்னா வாலை எண்ணிக் காசு குடுப்பாங்க சாமி. இதுல நான் எதை எண்ணுறது?”